சூடு தொடங்குகிற இடம்

ஹப்புத்தளையில் இறங்கியதும்
மெற்றில்டா பார்த்தது
ரெண்டு பக்கமும் சரிகிற பள்ளத்தை அல்ல,
என் காலை.
"நேற்றைய மேஸ்தானே? கழற்று."

மன்னார் ஆட்கள் நாங்கள்.
ஊரில் ஏறுவதற்கென்று இருப்பது
கச்சேரி மாடிப்படி மட்டும்.
மணலில் அகன்று பழகிய விரல்கள்
சப்பாத்துக்குள்
திருவிழாக்கால பஸ்ஸில் போல
ஒன்றின்மேல் ஒன்று நின்றன.

அவள் பதினொரு வருடமாய்க்
காயம் கட்டும் அறையில் வேலை.
சீனி வருத்தக்காரரின் கால்களை
முகங்களைவிட அதிகம் தெரியும் அவளுக்கு.
அதனால்தான் சப்பாத்தைப் பின்னேரம் வாங்க வைத்தாள்,
பகல் முழுக்க நின்று பாதம் ஊதிய பிறகு,
முன்னுக்கு ஒரு பெருவிரல் அகலம் மிச்சம் விட்டு.
ரெண்டு கிழமை குசினிக்குள் அதோடு நட என்றாள்.
நடந்தேன், நாலு நாள்.
மிச்சத்தை நடந்ததாகச் சொன்னேன்.

இதல்கஸ்ஹின்னைக்கு ரயில் பாதையால் நடந்தோம்.
சிலிப்பர் கட்டைகளை வைத்தவனுக்கு
மனிதக் கால் தெரிந்திருக்கவில்லை:
ஒன்றொன்றாய் வைத்தால் எட்டு குறுகும்,
ஒன்று விட்டு வைத்தால் இடுப்புப் பிடிக்கும்.
ஒவ்வொரு மைல்கல்லுக்கும் நிற்க வைத்தாள்.
கல்லில் இருத்தி, மேஸைக் கழற்றி,
ஈரத்தைத் துடைத்து,
காய்ந்த சவர்க்காரத்தைக் குதியில் தேய்த்து,
மெல்லிய மேஸ் உள்ளே, தடித்தது வெளியே.

சம்மட்டியோடு வந்த பாதைத் தொழிலாளி ஒருவர்
செருப்போடு நின்று பார்த்தார்.
"அட்டைக்குங்களா சோப்பு?"
"இல்லை அண்ணே, கொப்புளம் வராமல் இருக்க."
"நடந்தா வருமே," என்றார், ஒரு வேடிக்கையும் இல்லாமல்.
நாளுக்கு எத்தனை மைல் என்று கேட்டேன்.
எண்ணியதில்லை என்றார்.
நான் என் மூன்றாவது சோடி மேஸைப்
பைக்குள் ஆழமாய்த் தள்ளினேன்.

பிறகு மூடுபனி ஏறி வந்தது.
யூக்கலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின.
இரும்புப் பாலத்தடியில்
வலது குதியில் ஒரு சூடு.
வலி அல்ல.
யாரோ ஒரு சொல்லைச் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டது போல.
திரும்பவும் ஒருதரம் அவளை நிறுத்த வெட்கமாய் இருந்தது,
அந்த மனிதரின் செருப்பு வேறு நினைவில்.
"எப்படி இருக்கு?" என்றாள்.
"நல்லாத்தான் இருக்கு."

ஸ்டேஷன் வாங்கில் மேஸை உரித்தபோது
குதியில் ஒரு முந்திரிகைப் பழம்,
உள்ளே வெளிச்சம் தேங்கி.
அவள் ஏசவில்லை.
கையைக் கழுவினாள்.
ஊசி தேடிய என்னைத் தடுத்தாள்:
"தோல் மூடியிருக்கட்டும்,
அதைவிட நல்ல கட்டு என்னிடம் இல்லை."
தடித்த பஞ்சுத் துணியில் வட்டம் வெட்டி
நடுவில் ஓட்டை போட்டு
பழத்தைச் சுற்றி வேலி கட்டினாள்.

"எதில தொடங்கினது?"
"பாலத்தடியில."
"அப்ப ஒரு சாண் பிளாஸ்டர் காணும்.
வார்டுக்கு வாற எல்லாரும் இதைத்தான் சொல்லுறது:
சின்னனாத்தான் இருந்தது மிஸி,
பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்."

கத்தரிக்கோலைத் துடைத்து மடித்தாள்.
விரலில் மோதிரம் இல்லாத வெள்ளை வளையம்
ஆறு மாதமாய் இருக்கிறது.
தோகாவிலிருந்து அவருக்கு லீவு இல்லையாம் என்று
ஈஸ்டருக்குச் சொன்னாள்.
"நல்லாத்தான் இருக்கிறன்," என்றும்.
நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து
உறையிலிட்டு வைத்திருந்தேன்.

"உனக்கு எதில தொடங்கினது?" என்றேன்.

கோப்பி நிறத்தில் ஒரு நாய்
மேடை நீளத்துக்கு நடந்து போனது.
கைகாட்டி மரம் விழுந்தது, ரயில் வரப்போகிறது.
அவள் என் மற்றக் காலைத் தூக்கி
மடியில் வைத்துக்கொண்டாள்,
அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்,
மேஸைக் கழற்றத் தொடங்கினாள்.
பிறகுதான் சொல்லத் தொடங்கினாள்.

ரயிலை விட்டுவிட்டோம்.