ஏழரை மீட்டர்

வோருவில் நவம்பர் பிறந்தால்
நாலரைக்கே இருட்டிவிடும்.
கராஜின் ஒற்றைக் குழல்விளக்கு
இரண்டு முறை இருமிவிட்டுத்தான் எரியும்.
அதன் கீழே என் நீலக் கார்
நான்கு ஸ்டாண்டுகளின் மேல்,
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி.
பதினெட்டு வருடம் ரைவோவிடம் இருந்தது.
பிரிந்தபோது அவன் படகை எடுத்துக்கொண்டான்.

டயர் கடை ரெய்கோ சொல்கிறான்:
"பத்தொன்பது அங்குலம் போடு, ஹில்லே.
நாடா மாதிரி ரப்பர். எதிரே வருகிறவன்
கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான்."
எதிரே யார் வருகிறார்கள்?
கட்டை ஏற்றிய லாரிகள். சில இரவுகளில் காட்டுமான்.
மான் அலாய் பார்ப்பதில்லை.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
இங்கே விரல் என்பது பிரேக்.
பதினாறு அங்குல ரிம் காலிப்பரில் முட்டி
அரைச் சுற்றுகூட வரவில்லை.
பதினேழுக்கு, கெர்துவின் பள்ளிக் களிமண்ணைக்
காலிப்பர் மேல் அப்பி, மாட்டி, மெல்லச் சுழற்றிக் கழற்றினேன்.
நசுங்கிய களிமண் மூன்று மில்லிமீட்டர்.
இரண்டு யூரோ நாணயம் தாராளமாய் நுழையும்.
போதும்.

ரிம்மின் அகலம் ஏழரை அங்குலம்.
(ஏழரை என்றதும் முகம் சுளிக்கிறவர்கள்
இந்த ஊரில் இல்லை.)

பழைய டயரின் விலாவில் எழுதியிருக்கிறது
235 / 45 / 17.
முதல் எண் மில்லிமீட்டர், கடைசி எண் அங்குலம்.
இரண்டு தேசத்து அளவு ஒரே வரியில்.
நடுவில் நிற்பது எந்த தேசமும் இல்லை,
வெறும் விகிதம்.
அகலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து.
அகலம் மாறினால் தானும் மாறும்.
தனக்கென்று ஒரு நீளம் கிடையாது.
இத்தனை வருடம் அதை வாசித்தும்
எனக்கு உறைக்கவில்லை.

அகலக் கால் வைக்காதே என்பது
பனிச்சாலைக்கென்றே எழுதிய விதி.
அகன்ற டயர் பனியின் மேல் மிதக்கும்.
ஒடுங்கியது தோண்டிக்கொண்டு போய்
தரை இருக்கிறதா என்று பார்க்கும்.
ஆகவே 215 / 50 / 17, ஆணி பதித்தது.
உயரத்தில் பழையதைவிட மூன்றரை மில்லிமீட்டர்தான் கூட.

ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்
ஒரு காரியம் செய்தேன்.
ஒவ்வொரு டயரிலும், அதன் கீழே தரையிலும்
சாக்பீஸால் கோடு.
கெர்து ஸ்டியரிங் பிடிக்க, நான் தள்ள,
சரியாக ஒரு சுற்று.
மூன்று சக்கரங்கள் நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டரில் நின்றன.
பின் இடது மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் கூட.

அதே கம்பெனி, அதே எண், அதே எழுத்து.
ஏதோ குழியில் ஒன்றைக் கிழித்து
அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு
சொல்லாமல் விட்டிருக்கிறான்.

காகிதத்தில் கணக்குப் போட்டேன்.
கிலோமீட்டருக்கு ஏழரை மீட்டர்.
அவ்வளவு தூரம் அந்தச் சக்கரம்
மற்ற மூன்றோடும் ஒத்துப்போகவில்லை.
ஒவ்வொரு கிலோமீட்டரிலும்.
மளிகைக்குப் போனபோதும்,
மாமியாரின் சவ அடக்கத்துக்குப் போனபோதும்.
அத்தனையையும் பேசாமல் நேர்செய்துகொண்டிருந்தது
வண்டியின் வயிற்றில் உள்ள நடு டிஃபரன்ஷியல்.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.
மத்தளமாவது சத்தம் போடும்.

எண்ணெயை வடித்தேன். கருத்திருந்தது.
வடிகால் மூடியின் காந்தத்தில்
மெல்லிய மீசை மாதிரி இரும்புத் தூள்.
விரலால் வழித்துத் துணியில் துடைத்தேன்.

"வண்டி கெட்டுப்போச்சா அம்மா?"
"இல்ல. தேஞ்சிருக்கு."

ரெய்கோ போனில் சொன்னான், இரண்டு மட்டும் மாற்று, காசு மிச்சம்.
நான்கு, என்றேன்.
நான்கும் ஒரே வாரத்தில் வார்த்ததாக இருக்கணும்.
சிரித்தான். தேடித்தான் கொடுத்தான்.

இன்றைக்கு மாட்டியாயிற்று.
ரப்பர் முடிகள் இன்னும் உதிரவில்லை.
சொல்லாமலே கெர்து சாக்பீஸ் எடுத்து வந்தாள்.
தள்ளினோம். ஒரு சுற்று.
குனிந்து டேப் வைத்துப் பார்க்கிறேன்.
முன் வலது ஒரு நூலிழை தள்ளி நிற்கிறது.
சாக்பீஸின் தடிமனாய் இருக்கும்
என்று சொல்லிவிட்டு
விளக்கை அணைக்கிறேன்.