ஒப்படைப்புப் பட்டியல்

முட்கரண்டி அறுபத்து நான்கு.
மேசைக்கரண்டி அறுபத்து மூன்று.
ஒன்று எங்கே என்று கேட்டேன்.
டச்சு லெப்டினன்ட் வட்டச் சாளரத்தில்
பல்லார்ட் பியர் மழையைப் பார்த்தபடி
"ஜாவாவில்" என்றார்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ஜாவாவில்.
மேலிடம் ஏற்கவில்லை.
என் சம்பளத்தில் பதினோரு அணா பிடித்தார்கள்.

நாற்பத்து மூன்று, ஜூலை.
பம்பாய்க் கடற்படைக் கிடங்கின் எழுத்தன் நான், ஞானசிகாமணி.
மாதுங்காவிலிருந்து டிராமில் வந்து
கப்பல்களை எண்ணித் தாளில் ஏற்றுகிறவன்.
நீந்தத் தெரியாது.

அந்தக் கண்ணிவாரிக் கப்பலுக்கு அது மூன்றாம் கொடி.
ஸ்காட்லாந்தில் நீரில் இறங்கியபோது ஒரு மீன்துறையின் பெயர்,
டச்சுக்காரர் கையில் செத்துப்போன தளபதி ஒருவரின் பெயர்,
நம்மிடம் ஏதோ மாகாணத்தின் பெயர்.
பெயின்டர் தாண்டேல் எழுதினான்.
எதிரி படிக்கக் கூடாதென்று
அதன்மேல் சாம்பல் நிறம் பூசச் சொன்னார்கள்.
பூசினான்.
இரண்டுக்கும் கூலி வாங்கினான்.

இயந்திர அறையில்தான் சிக்கல்.
வால்வுக்கு வால்வு பித்தளைத் தகடு, எல்லாம் டச்சு.
மாற்றுத் தகடு வார்க்க ஆறு வாரம் என்றது பட்டறை.
யுத்தம் ஆறு வாரம் நிற்குமா?
ரத்னகிரி ஸ்டோக்கர் இப்ராகிம் பர்க்கார்
ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான்.
சீறல் நின்ற பக்கம் "டிக்த்" என்றிருந்தது.
அன்று முதல் அவனுக்கு
அடுப்பை மூடினாலும் டிக்த்,
கதவை மூடினாலும் டிக்த்,
வாயை மூடச் சொன்னாலும் டிக்த்.

பிறகு தினமும் விடியலில்
பிராங்ஸ் கலங்கரை தாண்டிப் போவார்கள்,
கம்பிவடத்தைப் பக்கவாட்டில் விரித்துக்
கடலுக்குப் பேன் பார்க்க.
எட்டு மாதத்தில் அகப்பட்டவை இரண்டு.
ஒன்று வெடித்தது.
இன்னொன்று குண்டடி பட்டு, வெடிக்காமலே,
ஓட்டைக் குடம் மாதிரி நிதானமாக இறங்கிப் போனது.
மற்ற நாளெல்லாம் மாலையில் நான் தட்டச்சு செய்தது ஒரே வரி:
வாரிய தூரம் பதினாறு மைல். கண்டது: இல்லை.

அந்த "இல்லை"யின் மேல்தான்
அரிசி வந்தது, தபால் வந்தது,
பஸ்ராவிலிருந்து கால் போனவர்கள் வந்தார்கள்.
பாலத்தில் நடக்கிறவன்
பாலத்தைத் தட்டிப் பார்ப்பானா?

அதன் மேல்தான் அதுவும் வந்தது,
வெடிமருந்தும் பஞ்சும் ஒரே வயிற்றில் சுமந்து,
உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல்,
விக்டோரியா டாக்குக்குள்.

சித்திரை முதல் வாரம், வெள்ளிக்கிழமை, நாலு மணி தாண்டி
என் மைப்புட்டி மேசையில் நடந்தது.
பிறகு ஜன்னல் அறைக்குள் வந்தது.
வெளியே, வானத்திலிருந்து
எரிகிற பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.

பர்க்கார் பிற்பாடு சொன்னான்:
நாங்கள் வெளியே வாரிக்கொண்டிருந்தோம், பாபு,
தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.
திரும்பிப் பார்த்தால் ஊர் இல்லை, புகை.
அன்றைய அறிக்கை கோப்பில் இருக்கிறது.
பதினாறு மைல். கண்டது: இல்லை.
பொய் ஒன்றும் இல்லை அதில்.

யுத்தம் முடிந்து மறுபடி ஒப்படைப்பு.
முட்கரண்டி ஐம்பத்தொன்று.
படிவத்தில் இருபத்தொன்பது கட்டங்கள்,
மூழ்காத கப்பல்களுக்கு ஒன்றுகூட இல்லை.
அரசாங்கத் தாளில் புதுக் கோடு கிழிக்க
நான் யார்?

டச்சுக்காரர் வேண்டாம் என்றார்கள்.
பிரிட்டிஷார் பதிலே எழுதவில்லை.
எட்டு வருடம் கழித்துத் தாருகானா சேற்றில்
மூக்கை மட்டும் கரையேற்றிக் கிடந்தது, வெட்டுவதற்கு.
சாம்பல் உரிந்த இடத்தில்
மூன்று பெயரும் ஒன்றன்மேல் ஒன்று.
எதையும் படிக்க முடியவில்லை.

அங்கே முகாதம், நம் பர்க்கார்தான்.
தாடி நரைத்துவிட்டது.
பஸ்தி ஜில்லாவிலிருந்து வந்த வெட்டுக்காரன்
கடைசித் தகட்டை அறுத்துத் தள்ளிவிட்டு
காஸ் சிலிண்டரின் கழுத்தைத் திருகினான்.
"டிக்த்?" என்றான் பர்க்கார்.
"டிக்த்" என்றான் அவன்,
ஏதோ தன் ஊர்ச் சொல் போல.