பக்கமரம்

நீரோடியில் ஊர் முடிகிற இடத்தில்
மாநிலமும் முடிகிறது.
தூண்டில் வளைவுக்குக் கல் இறக்க
என்னையும் என் கிரேனையும்
மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கொண்டுவந்தார்கள்.

கிரேனுக்குச் சக்கரம், ஓடுவதற்கு.
தூக்குவதற்குக் கால் வேண்டும்.
கையைப் போல வெளியே நீண்டு
காலாகி மண்ணில் இறங்கும் நான்கு இரும்பு.
அவுட்ரிக்கர் என்பார்கள் லைசென்ஸ் வகுப்பில்.
நாங்கள் ஜாக்கி என்போம்.
மணலில் அதற்குக் கீழே பலகை போடாவிட்டால்
ஆறு டன் கல்
உன்னைத்தான் தூக்கும்.

மூன்று கால் இறங்கிவிட்டது.
நான்காவது இறங்கவேண்டிய இடத்தில்
ஏற்கெனவே ஒரு கால் நின்றது.

ரோணிக்கம்மாளின் வீட்டுக் கால்.
போன ஆடியில் கடல் தெற்கே அடுக்களையைத் தின்றது.
வீடு மேற்கே சாய்ந்தது.
சாய்ந்த சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்பது
செபத்தியானின் வள்ளத்தில்
மிதவைக்கட்டையைத் தள்ளிப் பிடித்திருந்த புன்னைக் கழி.
இந்தக் கரையில் யாரும் பக்கமரம் கட்டுவதில்லை,
கரையலையில் முதலில் உடைவது அதுதான்.
அவர் ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து கட்டினார்.
வள்ளத்துக்கும் ஊன்றுகோலா என்று சிரித்தார்கள்.
மூன்றாம் நாள்
மிதவை மட்டும் தனியாகப் பொழியூரில் கரையேறியது.
கழி மிஞ்சியது.
அவரும் மிஞ்சினார், இப்போது கொச்சியில்
ஏதோ ஐஸ் பிளாண்டில்.

வீடு தமிழ்நாடு. கால் கேரளா.
நடுவில் இருக்கும் எல்லைக்கல்லை
ஒரு நாய் மட்டும் தினமும் தவறாமல் கவனிக்கிறது.
நிவாரணத்துக்கு எழுதிப்போட்டபோது
இந்தப் பக்கத்து ஆபீசில் கேட்டார்களாம்,
இன்னும் விழவில்லையே?
அந்தப் பக்கத்தில் கேட்டார்களாம்,
வீடு எவிடெ?

கான்ட்ராக்டர் போனில் சொன்னார்:
தட்டிவிட்டுட்டு வண்டியைப் போடு.
இறங்கிப் போய் நின்றேன்.
அவள் சாளையைக் கழுவிக்கொண்டே பேசினாள்.
உம்ம வண்டிக்கு நாலு இருக்கு.
அதுல ஒண்ணை மடக்கி வச்சிட்டு
அந்தக் கல்லைத் தூக்கும், பாக்கட்டு.

நான் தூக்கவில்லை.

வண்டியைப் பின்னால் எடுத்தேன்.
நான்கு காலும் இறங்கியது.
பெல்ட்டை உத்தரத்தில் சுற்றி
மெதுவாக, நூல் இழுப்பதுபோல, கொக்கியை ஏற்றினேன்.
முள் நானூறு கிலோவில் நின்றது.
கழியைப் பிடுங்கி மூன்றடி தள்ளிக் குழி வெட்டினான் ஷிஜின்.
சிமென்ட் இறுக ஒரு ராத்திரி ஆகும்.
தூக்கிய பாரத்தை விட்டுவிட்டு
ஆபரேட்டர் கேபினைவிட்டு இறங்கக்கூடாது.
வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம்.

பெரிய அலை அடிக்கும்போதெல்லாம்
முள் நானூற்றைம்பதுக்குப் போய்த் திரும்பியது.
உள்ளே படுக்காதீங்க என்று இரண்டு தரம் கத்தினேன்.
உறங்காத ஒருத்தன் வெளிய இருக்கானே
என்றாள், பாயை உதறியபடி.
என் வாழ்நாளில் என்னை நம்பி
யாரும் இவ்வளவு சத்தமாகக் குறட்டை விட்டதில்லை.
விடியும்வரை
அந்தப் பழைய வள்ளத்தின் அந்தப் பக்கத்தில்
நான் மிதந்துகொண்டிருந்தேன்,
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு.

காலையில் கொக்கியைத் தளர்த்தியபோது
கழி ஒருமுறை முனகியது.
பிறகு தாங்கியது.
லாக் ஷீட்டில், தூக்கிய பொருள்: வீடு ஒன்று.
இறக்கிய இடம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கான்ட்ராக்டர் ராத்திரி வாடகையைக் கழித்துக்கொண்டார்.

பழைய குழியில் நான்காவது கால்
நாலு விரற்கடை அதிகம் புதைந்தது.
பலகை போதவில்லை.
ரோணிக்கம்மாள் ஒரு கதவை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள்.
அடுக்களையே போயாச்சு, கதவு எதுக்கு?

அதன்மேல் நின்று பதினேழு கல் இறக்கினேன்.
சாயங்காலம் வந்து திருப்பிக் கேட்டாள்.
மண்ணைத் தட்டி, புரட்டிப் பார்த்து,
தாழ்ப்பாள் ஓடுகிறதா என்று
இரண்டு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.