ரம்ஸ், காலை ஏழு பத்து

முதலில் பார்ப்பது அழகை அல்ல,
வண்டி நிறுத்த இடம்.
அடுத்தது, கழிப்பறை எத்தனை கிலோமீட்டர்.
பிறகு, மாடல் உடை மாற்றும்போது
இருவர் போர்வை பிடித்து நிற்கக்
காற்று சம்மதிக்குமா என்பது.
இவ்வளவும் கூடி வந்தால்
கொஞ்சம் அழகும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று
தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

"மனித நடமாட்டமே இல்லாத இடம்" என்கிறார்கள்
துபாயில் பதினாறாம் மாடியிலிருந்து.
சரியென்று சொல்லி
ஒன்பது வருடமாக வெள்ளை சன்னியில் தேடுகிறேன்.
காலி என்று நினைத்த மணல்மேட்டில்
ஒட்டகம் எண்ணிக்கொண்டு ஒரு சூடானியர்.
பாதியில் விட்ட வில்லாவில்
கேஸ் அடுப்பும் காவலுமாக ஒரு நேபாளிப் பையன்.
உப்புத் தரையில்கூட செருப்புத் தடம்.
வந்த தடம் மட்டும்,
போன தடம் இல்லை.

என் குறிப்பேட்டில் இடங்களுக்குப் பெயர் கிடையாது.
'துருப்பிடித்த தண்ணீர் டாங்கி. மாலை 4.50. நாய் கடிக்காது.'
'சஜா, நீலச் சுவர். லாரி நிற்காத வெள்ளிக்கிழமை மட்டும்.'
'பேரீச்சந்தோப்பு. முதலாளி நல்லவர், மச்சினன் அல்ல.'

ஆகஸ்டில் ரம்ஸுக்குப் போனோம்.
கிழக்கே மலை.
சூரியன் அதில் ஏறி, மூச்சு வாங்கி,
இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே ஏழாகிவிடும்.
ஜியாத் கேமராவை வெளியே எடுத்தான்.
ஏசியில் குளிர்ந்த லென்ஸ்
கடல் ஈரம் பட்டதும் வெள்ளையாகப் பூத்தது.
துடைத்தான், பூத்தது.
அரபியில் திட்டினான், அதற்கும் பூத்தது.
இருபது நிமிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எட்டாயிரம் திர்ஹம் உடையை
முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு
கவிழ்த்த ஐஸ் பெட்டியில் அமர்ந்து
குபூஸ் தின்றாள் மெசெரெத்.
கரையெல்லாம் கம்பி மீன்கூண்டுகள்,
பஞ்சாரம் போல, ஆனால் ஆள் உயரம்.
அதில் ஒன்றுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"தமிழா?"

பெர்க்மான்ஸ். முட்டத்துக்காரர்.
உள்ளே குத்தவைத்து
அறுந்த கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.
"அங்க நிக்காதீங்க.
வெயிலு மொதல்ல அந்தப் பச்சை வள்ளத்து மேல விழும்.
பொறவுதான் இந்தக் கூண்டு. ஏழு பத்துக்கு.
கம்பி நெழலு அந்தப் பிள்ளைக்க மொகத்துல
வலை மாதிரி வந்து கெடக்கும், பத்து நிமிசம்.
அதுக்குப் பொறவு வெறும் வெயிலு."

எப்படித் தெரியும் என்றேன்.
"கருவாடு காயப் போடுறவனுக்கு
வெயிலு எப்பம் எங்க வரும்னு தெரியண்டாமா?"

மொழிபெயர்த்தேன். ஜியாத் சிரித்தான்.
ஏழு ஐந்துக்கு லென்ஸ் தெளிந்தது.
ஏழு பத்துக்கு
அவன் சிரிப்பு நின்றது.

மெசெரெத் முகத்தில் வலை.
கண் மட்டும் அதில் அகப்படவில்லை.

பெர்க்மான்ஸ் வெளியே வரவில்லை.
வந்தால் கூண்டு ஆடும், நிழலும் ஆடும்.
குறட்டைக் கையில் பிடித்தபடி
பத்து நிமிடமும் அப்படியே இருந்தார்.
அச்சான படத்தில், வலது ஓரத்தில்,
அவருடைய முட்டி தெரியும்.
பாறை என்று நினைத்து
விட்டுவிட்டார்கள்.

கணக்கு எழுதும்போது
பெட்ரோல், தண்ணீர், குபூஸுக்குக் கீழே
'வெளிச்ச ஆலோசகர், இருநூறு திர்ஹம்' என்று சேர்த்தேன்.
பதினாறாம் மாடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நேற்று மறுபடி அழைத்தார்கள்.
அதே மாதிரி இன்னொரு இடம் வேண்டுமாம்,
அதே வெறுமை, அதே தனிமை.
ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்:
'ரம்ஸ். 7.10. பார்க்கிங் உண்டு.
கழிப்பறை ஐந்து கிலோமீட்டர்.
கூண்டுக்குள் ஆள் உண்டு.
அசையமாட்டார்.'