ஐந்தில் இரண்டு

அப்பன் ததேயு நீரோடிக்காரன்.
அம்மை ரோசிலி பொழியூர்.
இரண்டு வீட்டுக்கும் கூப்பிடு தூரம்,
நடுவில் ஒரு மாநில எல்லை.
கல்யாண ஓலையை இரண்டு கோயிலிலும் வாசித்தார்கள்.
கொஞ்சுவது தமிழில், சண்டை மலையாளத்தில்.
என் ரேஷன் அட்டை இந்தப் பக்கம்,
ஞானஸ்நானப் பதிவு அந்தப் பக்கம்.
பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்று: கிளீட்டஸ்.

அப்பனுக்குச் சுறாத்தூண்டில்.
ஆழ்கடலில் பதினெட்டு நாள், கரையில் நான்கு.
அந்த நான்கில் ஒருநாள்
மணலில் நான் பந்துக்குப் பாய்வதைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கயிறு அறுத்த உள்ளங்கையை விரித்து
என் கையோடு சேர்த்து வைத்து அளந்தான்.
பதினான்கு வயதில் என்னுடையது பெரிது.
அதற்குப் பிறகு அவன் என்னை
வள்ளத்துக்குக் கூப்பிடவே இல்லை.

எங்கள் களத்தில் ஒரு கோல்போஸ்ட் தமிழ்நாட்டில்,
மற்றது கேரளத்தில்.
இடைவேளையில் மாநிலம் மாறுவோம்.
கடலுக்குள் போன பந்தை அலை திருப்பித் தரும்,
ஆனி ஆடியில் தராது.

பிறகு செவன்ஸ்.
மூங்கில் காலரி, ட்யூப்லைட்டில் மொய்க்கும் ஈசல்,
ஒரு ராத்திரிக்கு இருநூறு ரூபாய், பரோட்டா.
அதற்குப் பிறகு மின்வாரிய அணியில்
ஒப்பந்தக் கோலி.
பகலில் கோப்பு தூக்கினேன், சாயங்காலம் பாய்ந்தேன்.
இந்த வருஷம் நிரந்தரம் என்றார்கள்.
இந்த வருஷம் அரையிறுதி, பெனால்டி.
முதல் நான்கில் இரண்டைப் பிடித்தேன்.
ஐந்தாவது வலப்பக்கம் போனது.
நான் இடப்பக்கம் கிடந்தேன்,
புல்லை முகர்ந்துகொண்டு.
"பெனால்டி வெறும் லாட்டரி, விடு மக்கா"
என்றான் ஸ்டாப்பர் மரியநேசன்.
அணியைக் கலைத்த கடிதம் தபாலில் வந்தது.
அதில் என் பெயர் கிளிட்டாஸ்.

ஷார்ஜாவில் ஏழு வருஷம் தண்ணீர் லாரி.
பந்தையே தொடவில்லை என்று
வீட்டுக்கு எழுதினேன். தொட்டேன்,
ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, லேபர் கேம்ப் வாசலில்.
முட்டி அன்றோடு போயிற்று.

நான் அங்கிருக்கும்போதுதான்
ஒரு நவம்பர் கடைசியில் போன வள்ளம் வரவில்லை.
கல்லறையில் அப்பன் பெயர் இருக்கிறது.
கீழே ஆள் இல்லை.

திரும்பி வந்து மீன் ஏலம் விளித்தேன். குரல் போதவில்லை.
ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதினேன்.
கணக்கு சரியாக வந்தது,
முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

இப்போது லாட்டரி.
நம் பக்கம் விற்றால் போலீஸ்.
அதனால் எல்லைக்கல் தாண்டிப் பன்னிரண்டாவது அடியில்
ஒரு குடை, ஒரு மடக்கு மேசை, கிளிப் மாட்டிய பலகை.
வாங்குகிறவர்களில் பாதிப்பேர் நம் பக்கம்.
"எந்த நம்பர் விழும், கோலி?"
"நான் பாய்ந்த பக்கம் எது வந்திருக்கிறது?" என்பேன்.
சிரிப்பார்கள்.
மரியநேசனும் வாங்குவான், ஏழில் முடிகிற சீட்டாக.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
அது லாட்டரி இல்லை.
உதைக்கிறவனின் இடுப்பு முதலிலேயே சொல்லிவிடும்.
அன்றைக்கும் சொன்னது. வலப்பக்கம்.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு இடப்பக்கம் பாய்ந்தேன்.
ஏன் என்று இருபத்தாறு வருஷமாக
எனக்கே பிடிபடவில்லை.

நேற்றுச் சாயங்காலம்
கடல் தின்றது போக மிஞ்சிய களத்திலிருந்து
ஒரு பந்து எகிறி வந்தது, மேசைக்கு நேராக.
முட்டி ஞாபகம் வருமுன் கை போய்விட்டது.
குடை ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்,
பந்து நெஞ்சில்.
பையன்கள் விசிலடித்தார்கள்.
சீட்டெல்லாம் காற்றில் பறந்து
பாதி தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது.

இருட்டும்வரை பொறுக்கினோம்.
நாற்பதில் முப்பத்தொன்பது.
கிடைக்காததன் எண் எனக்குத் தெரியும்.
இன்று மூன்று மணிக்குக் குலுக்கல்.
இப்போது ஐந்தாகிறது.
ரிசல்ட் தாள் மேசைமேல் மடித்தபடி கிடக்கிறது,
பறக்காமல் இருக்க
அதன்மேல் ஒரு கல் வைத்திருக்கிறேன்.