வெ. செங்கொடி

நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள்.
"முதல்ல உன் பேரைப் போட்டுத் தேடு,
அவங்களும் அதைத்தான் செய்வாங்க" என்றாள் ரமீஜா.
கணக்கில் நாங்கள் அரை மதிப்பெண் முன்பின்.
மற்றதிலெல்லாம் அவள்தான் முன்.

திருத்துறைப்பூண்டி ரயிலடிப் பக்கம்
சான்றிதழ் ஸ்கேன் பண்ணப் போன கடை.
மணிக்கு முப்பது ரூபாய்.
செங்கொடி என்று அடித்தேன்.

வந்தது ஊர்வலம்.
ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம்.
கூலி உயர்வு, மே தினம், மறியல்,
கம்பத்தில் யாரோ ஏற்ற அண்ணாந்து யாரோ.
நாலாம் பக்கம் வரை நான் இல்லவே இல்லை.
அப்பா வைத்த பெயர்
என்னை மறைத்துக்கொள்ள
இவ்வளவு கூட்டம் திரட்டி வைத்திருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனிஷியலோட போடு."
போட்டு, ஊர்ப்பெயரும் சேர்த்ததும்
ஐந்தாவதாக வந்தேன்.

ஒன்பதாம் வகுப்புச் சீருடை, ரெட்டைச் சடை.
காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நின்று
கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறேன்.
மேட்டூர் திறந்து நாற்பத்தோரு நாள்,
வழியில் எத்தனை மதகு, எத்தனை கன அடி,
கடைமடைக்கு வரவேண்டியது எவ்வளவு,
வந்தது எவ்வளவு (ஒரு குடம்கூட இல்லை),
பெருக்கி, வகுத்து, கடைசியில்
"கணக்கு வரலேன்னா எங்க ஸ்கூலுக்கு வாங்க சார்"
என்கிறேன் பொறியாளரை.
அறுபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.
கீழே ஒருவர்: இந்த வாய்க்கு எங்கேயும் வேலை கிடைக்காது.
இன்னொருவர்: தங்கச்சி, புள்ளி ஒரு இடம் தள்ளிப்போச்சு.
இருக்காதே என்று போட்டுப் பார்த்தேன்.
தள்ளித்தான் போயிருந்தது.

"எடுத்துடு" என்றாள் ரமீஜா.
"படிச்சு முடி. நீயே பொறியாளரா வந்து மதகைத் திற.
அதுவரைக்கும் வாயை மூடு."
இதில் எந்த வரி தப்பு என்று
எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.
அவளும் தன் பக்கத்தைக் கழுவித் துடைத்திருந்தாள்.
பெருநாள் மருதாணிக் கை போயாயிற்று,
அக்கா கல்யாணத்து ஆட்டம் போயாயிற்று.
அறிவியல் கண்காட்சிக் கோப்பையும் அவளும் மட்டும்
யாரோ இரண்டு பேர் மாதிரி
நின்றுகொண்டிருந்தார்கள்.

அழிக்கிற இடத்தில் அம்புக்குறியை வைத்தேன்.
கரண்ட் போனது.

இருட்டில் வேறொன்று ஞாபகம் வந்தது,
எந்தத் தேடலிலும் வராத ஒன்று.
பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழு, நாற்பத்திரண்டு பேர்.
கரும்பலகை முன்னால் திக்கித் திக்கி நின்ற
ஆரோக்கியதாஸைப் பின்பெஞ்சிலிருந்து எடுத்து,
ஒவ்வொரு திக்கலுக்கும் ஒரு தவில் அடி சேர்த்து
அனுப்பியது நான்.
தாளம் பிசகவே இல்லை என்று பாராட்டினார்கள்.
அடுத்த மாதம் அவன் வேதாரண்யம் போய்விட்டான்,
மாமா வீட்டிலிருந்து படிக்கிறானாம்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
நான் கேட்க வேண்டியதே இல்லை.

நேர்காணல் அறைக்கு அது வராது.
என் பெயரில் அதனால் ஒரு கீறலும் விழாது.

"ஆரோக்கியதாஸ் நம்பர் இருக்கா?"
ரமீஜா கொஞ்ச நேரம் பேசவில்லை.
குழுவில் முதலில் விழுந்த சிரிப்புப் பொம்மை அவளுடையது.
பிறகு போனின் வெளிச்சத்தில் எண்ணைத் தேடி
ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள்.

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
மூன்றே வரி. மன்னிப்பு என்ற சொல்லை
எந்த வரியில் வைத்தாலும் அது மெல்லிசாகத் தெரிந்தது.
அனுப்பினேன்.

கரண்ட் வந்ததும்
வாய்க்கால் வீடியோவின் கீழே பதில் போட்டேன்:
புள்ளி தவறுதான், திருத்திய கணக்கு இது.
திருத்தினாலும் தண்ணீர் வரவில்லை.

"உன் இஷ்டம்" என்றாள் ரமீஜா,
தலையில் அடித்துக்கொண்டு.
படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலி:
பத்தாண்டுகளில் எங்கே இருப்பீர்கள்,
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.

வாசலில் வேதாரண்யம் பஸ் ஹாரன் அடித்தது.
போனைப் பார்த்தேன். ஒற்றை டிக்.
"அங்க சிக்னல் அப்படித்தான்" என்றாள்
நான் கேட்காமலே.