இடைப்பட்ட நாட்கள்

இறப்புப் பதிவேட்டில் பதினான்கு கட்டங்கள்.
பெயர், பால், வயது, தகப்பனார் அல்லது கணவர்,
இறந்த இடம், இறந்த காரணம்.
வைகாசி மாதம். மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுதினேன்;
அப்படியும் பறந்த தாள்கள்மேல்
சானிடைசர் பாட்டிலைத் தூக்கி வைத்தேன்.

மேலிருந்து கேட்டது வயது மட்டும்.
அறுபதுக்கு மேல் எத்தனை, கீழே எத்தனை,
சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா.
சாயங்காலம் ஐந்துக்குள் போனில் சொல்லவேண்டும்.
"வயசானவங்கதாம்மா போறாங்க" என்று
ஆறுதல்போலச் சொன்னார் அலுவலர்,
அடுத்த மாதம் ஓய்வு பெற இருந்தவர்.

ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டேன்.
யாரும் கேட்கவில்லை.
ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிக்கும் செத்த தேதிக்கும்
நடுவில் எத்தனை நாள்.

கே.கே. நகர் பத்மநாபன், பத்தொன்பது.
இயந்திரம் அவருக்காகப் பத்தொன்பது நாள் வாதாடியிருக்கிறது.
அவர் பக்கத்து வீடு, பதினொன்று.
செல்லூரில் மூன்று, இரண்டு, இரண்டு.
வைகைக் கரையோரத்து வரிசை வீடுகளில் ஒன்று.
குப்பை வண்டி ஓட்டிய சின்னக்காளை, சுழியம்.
பெரியாஸ்பத்திரி வாசலில், ஆட்டோவுக்குள்,
முன்னால் இருபது வண்டி நிற்க.

ஒரே காய்ச்சல், ஒரே இருமல்.
படுக்கை வேண்டுமென்று
யாருக்குப் போன் போட முடிந்தது என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

பெண்கள் குறைவு என்று பேப்பரில் வந்தது.
அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகமாம், டீக்கடையிலும் பேச்சு.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கட்டில் குறைவுதான்.
'இறந்த இடம்: வீடு' என்ற கட்டைப் பிரித்தால்
பேச்சியம்மாள், ரமீஜா, லூர்துமேரி, ராதாபாய்,
இன்னொரு பேச்சியம்மாள்.
காரணம்: மாரடைப்பு, இளைப்பு, மூப்பு.
மூப்பில் போன லூர்துமேரிக்கு நாற்பத்தொன்று.

தவசி வந்ததும் அந்த வைகாசியில்தான்.
செல்லூரில் தறி ஓட்டுகிறவர்.
மனைவி ஒச்சம்மாள், நாற்பத்தேழு, வீட்டில்.
கவசத்துக்குள்ளிருந்து கெஞ்சினார்:
"அதை மட்டும் எழுதிராதீகம்மா.
தெருவுல தகரம் அடிச்சிருவாக.
தறிக்காரரு உள்ள விடமாட்டாரு.
பிள்ளைக்கு வேற பேசி முடிச்சிருக்கு."
பரிசோதனை செய்திருக்கவில்லை.
இளைப்பு என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டார். கும்பிட்டார்.

மார்கழியில் நிவாரண வரிசை.
அதே தவசி, கையில் ஸ்கேன் படம்.
அதற்கு மட்டும்தான் பணம் புரட்ட முடிந்ததாம்.
"இப்ப அதை எழுதிக் குடுங்கம்மா.
அதுதான்னு தெருவுக்கே தெரியும்."
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார்:
நெஞ்சின் இரண்டு பக்கமும்
தறி அறை மூலையில் சேர்வதுபோல் வெள்ளை.
முடிவுத்தாள் இல்லாமல் முடியாது என்றேன்.
அந்த வாக்கியத்தை அன்று காலையிலிருந்து
முப்பது முறை சொல்லியிருந்தேன்.
"அப்ப அவ எதுல செத்தா?"
வரிசையில் யாரோ இருமினார்கள்.
எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள், தவசியும்.

தை மாதம் தணிக்கை.
பதிவேட்டில் பென்சில் குறிப்பு இருக்கக் கூடாதென்று
சுற்றறிக்கை வந்தது.
சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அழித்தேன்.
பத்தொன்பது சுலபமாகப் போயிற்று, பதினொன்றும்.
சுழியங்களைத்தான் அழுத்திச் சுற்றியிருக்கிறேன் போல;
கரி போன பிறகும் பள்ளம் நின்றது.
வீட்டில் போனவர்களுக்குச் சேர்ந்த தேதி ஏது?
ஒச்சம்மாள் வரியில் ஒரு சின்னக் கோடு மட்டும்,
அதற்கு ரப்பரை ஒரு தரம் இழுத்தது போதும்.

பக்கத்தைச் சாய்த்து ஜன்னலுக்குக் காட்டினால்
பள்ளங்கள் தெரியும்.
தணிக்கைக்காரர் சாய்த்துப் பார்க்கவில்லை.

ரப்பர் தூளை ஊதக் குனிந்தேன்.
வாயில் கவசம் இருந்தது.
கையால் தட்டிவிட்டேன்.